நேரமில்லை என்னும் பொய்

மும்பையில் வாழும் தமிழர் இல்லங்களில் இன்று மிகுதியாக வழங்கும் தமிழ்ச்சொல் எது என்று கேட்டால், "அம்மா" என்று விடையிறுக்கவே நமக்கு ஆசை. உண்மை வேறு. "நேரமில்லை" என்பதே அச்சொல். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தால் பேச நேரமில்லை. பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க நேரமில்லை. உட்கார்ந்து உண்ண நேரமில்லை. உண்டபின் உறங்க நேரமில்லை. உறங்கி எழுந்தபின் காலார நடக்க நேரமில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளவும் நேரமில்லை. தமிழை ஏறக்குறைய மறந்துவிட்ட பிள்ளைகள்கூட இந்த ஒரு சொல்லைப் பிழையின்றிச் சொல்கிறார்கள். பெற்றோர் வாயிலிருந்து நாள்தோறும் கேட்டுக் கற்ற சொல் அல்லவா?

இச்சொல் பொய் என்பதே நான் இங்கு எடுத்துரைக்கும் வழக்கு. நாளுக்கு அறுபது நாழிகை என்பது மன்னனுக்கும் ஒன்றே. மாடு மேய்ப்பவனுக்கும் ஒன்றே. ஆகவே, "நேரமில்லை" என்று சொல்லும்போது, "அந்த நேரத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டேன்" என்றுதான் நாம் சொல்கிறோம். எதற்குக் கொடுத்தோம்? யாரைக் கேட்டுக் கொடுத்தோம்? ஈடாக எதைப் பெற்றோம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை சொல்லாமல் தப்பிக்கவே அந்த ஒற்றைச் சொல்லின் பின்னே ஒளிந்துகொள்கிறோம்.

யார்மீது இவ்வழக்கு?

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். விரைந்து ஓடுவோர் எல்லாரும் ஒரு தரத்தினர் அல்லர். காலையில் ஒரு பட்டறையிலும் மாலையில் ஒரு கடையிலும் உழைத்து, இரண்டு கூலியையும் சேர்த்தால்தான் உலை கொதிக்கும் என்னும் நிலையில் இருப்பவரிடம் சென்று, "ஐயா, சற்று நிதானமாக வாழுங்கள்" என்று அறிவுரை கூறுவது கொடுமை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து குடியேறிய நம்மவர்கள், கடிகாரம் பார்த்து உழைத்தவர்கள் அல்லர்; கண் இருட்டும் மட்டும் உழைத்தவர்கள். அத்தகையோரின் பொழுதைப் பறித்தது வறுமை. அவ்வழக்கை அரசின்மீதும் முதலாளியின்மீதும் தொடுக்க வேண்டும்; அவர்கள்மீது அன்று.

நான் பேசுவது நம்மைப் பற்றி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் சொந்த வீடோ வாடகை வீடோ கொண்டு, மாதச் சம்பளமும் வார விடுமுறையும் பெற்று, அடுப்படியில் நான்கு இயந்திரங்களும் கையில் ஆளுக்கொரு கைப்பேசியும் வைத்துக்கொண்டு, "நேரமில்லை" என்று பெருமூச்சு விடும் நம்மைப் பற்றி.

கடிகாரத்தின் கதை

"மும்பை அப்படிப்பட்ட நகரம், நாம் என்ன செய்ய முடியும்?" என்பதே முதல் மறுமொழியாக வரும். நகரத்தின்மேல் பழியைப் போடுவோர் இந்நகரின் வரலாற்றை அறியார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகள் பெரும்பாலும் சென்னை நேரத்தையே பின்பற்றின. பம்பாய்க்கு அதன் சொந்த நேரம் இருந்தது. அது சென்னை நேரத்துக்கு அரைமணி பின்தங்கியது. 1880களின் தொடக்கத்தில் சென்னை நேரத்தை இந்நகரின்மீது சுமத்த அரசு முயன்றபோது, நகரத்தார் இணங்க மறுத்தனர். அரசு பின்வாங்கியது. பின்னர் 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் அறிவிக்கப்பட்டது. பம்பாய் நேரத்துக்கும் அதற்கும் 39 நிமிட இடைவெளி. கடிகார முள்ளை முன்னே தள்ளினால், கதிரவன் எழும் முன்பே ஆலைக்குள் நுழைய வேண்டும் என்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். மாநகராட்சியோ விடுதலைக்குப் பின்னரும் சில ஆண்டுகள் வரை பழைய பம்பாய் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் பிடிவாதம் சரியா தவறா என்பது வேறு செய்தி. "எங்கள் பொழுதை எங்களைக் கேளாமல் எவரும் மாற்றலாகாது" என்று கூறும் முதுகெலும்பு இந்நகரத்துக்கு இருந்தது என்பதே நாம் கருத வேண்டியது. அன்று 39 நிமிடத்துக்காக ஒரு நகரமே வாதாடியது. இன்று நாம் நாள்தோறும் மூன்று மணி நேரத்தை வாதாடாமலே கொடுத்துவிட்டு, நகரத்தைக் குறை கூறுகிறோம்.

இன்னும் ஒன்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நமக்கு எப்படி வந்தது? யாரோ இரக்கப்பட்டு ஈந்த கொடையா? இந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர்களை நாராயண் மேகாஜி லோக்கண்டே என்னும் பெருமகனார் ஒன்றுதிரட்டிப் போராடியதன் விளைவாக, 1890ஆம் ஆண்டில் ஆலை முதலாளிகள் வாரம் ஒருநாள் விடுமுறைக்கு இசைந்தனர். அதற்குமுன் ஆலைத் தொழிலாளிக்கு உறுதியான வார ஓய்வு என்பதே இல்லை.

நம் தாயகத்தின் கதையும் இதுவே. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி.வாடியா தலைமை தாங்க, திரு.வி.க. தோள்கொடுத்து வளர்த்த சங்கம் அது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அன்று எழுப்பிய முதன்மையான குறைகளுள் ஒன்று எது தெரியுமா? நண்பகல் உணவுக்கு விடப்படும் அரைமணி இடைவேளை போதவில்லை என்பது. கை கழுவி, வரிசையில் நின்று, நாலு கவளம் வாயில் இடுவதற்குள் சங்கு ஊதிவிடுகிறதே என்று அவர்கள் குமுறினார்கள். ஐந்தாண்டு கழித்து, 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில், சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் மனிதன் தன் விருப்பம்போல் வாழ்வதற்கு என்பது உலகத் தொழிலாளர் இயக்கம் எழுப்பிய முழக்கம்.

பாட்டன்மார் போராடிப் பெற்ற உணவு இடைவேளையைப் பேரன்மார் என்ன செய்கிறோம்? கணினித் திரையின் முன்னே அமர்ந்து, ஒரு கையால் மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டே, மறு கையால் தயிர்சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். இந்நகரின் டப்பாவாலாக்கள் நூற்றாண்டுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் அடுக்குப் பாத்திரத்தை வேளை தவறாமல் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். கொண்டுவருபவர் வேளை தவறுவதில்லை, உண்பவர்தாம் தவறுகிறார். இதை எந்த முதலாளியும் நம்மீது சுமத்தவில்லை. இது நாமே மாட்டிக்கொண்ட விலங்கு.

சேமித்த நிமிடங்கள் எங்கே?

நம் பாட்டியர் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து மாவரைத்தார்கள். அம்மியில் குழம்புக்கு அரைத்தார்கள். விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்தார்கள். 1950களில் கோவை தந்த கிரைண்டரும், 1960களில் இந்த மும்பையிலேயே உருவான மிக்ஸியும், அழுத்தக் குக்கரும், எரிவாயு அடுப்பும் வந்தன. நன்று. அவற்றைக் குறைகூறும் பழமைவாதி அல்லன் நான். ஆட்டுக்கல்லைப் புகழ்ந்து பாடுவோர் பெரும்பாலும் ஆட்டுக்கல்லில் அரைத்திராத ஆடவரே என்பதை நான் அறிவேன்.

ஆனால் கணக்கு ஒன்று உண்டு. அந்த இயந்திரங்கள் மிச்சப்படுத்திய மணிகள் எங்கே போயின? அந்த இல்லத்தரசியின் கைக்கு அவை வந்து சேர்ந்தனவா? இல்லையே! இயந்திரம் வந்ததும் நம் எதிர்பார்ப்பும் வளர்ந்தது. முன்பு வாரம் ஒருமுறை செய்த இட்லி, இப்போது நாள்தோறும் வேண்டும். கணவருக்கு ஒரு டப்பா, மூத்தவனுக்கு ஒரு டப்பா, இளையவளுக்கு ஒரு டப்பா, மாமனாருக்கு உப்பில்லாத சமையல் தனி. அதற்குமேல் அவளும் எட்டே கால் வண்டியைப் பிடித்து அலுவலகம் செல்ல வேண்டும்.

இது வெறும் மனக்குறை அன்று. அரசின் ஏடே சான்று கூறுகிறது. மைய அரசின் புள்ளியியல் துறை மக்களின் பொழுது எவ்வாறு கழிகிறது என்று நாடெங்கும் ஆராய்ந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அவ்வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 2019ஆம் ஆண்டில் சராசரி 299 நிமிடம்; ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். மீண்டும் 2024ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது பெண்கள் 289, ஆண்கள் 88. இரு கணக்கையும் கழித்துப் பாருங்கள். முன்னது 202; பின்னது 201. ஐந்தாண்டுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி குறைந்தது ஒரே ஒரு நிமிடம்! நிலவுக்கு விண்கலம் அனுப்பிய நாட்டில், சமையற்கட்டுக்குள் ஆடவரை அனுப்ப நம்மால் இயலவில்லை.

எனவே, "நிதானமாக வாழுங்கள்" என்று உபதேசிப்போரை நான் கேட்கிறேன்: யார் நிதானமாக வாழ வேண்டும்? காலையில் ஐயா பூங்காவில் மூச்சுப்பயிற்சி செய்துவிட்டு, சாய்வுநாற்காலியில் அமர்ந்து, நாளிதழை விரித்து, "அமைதியே இன்பம்" என்று அறிவிக்கிறார். அதே நேரத்தில் உள்ளே குக்கர் மூன்றாம் முறையாகக் கூவுகிறது. ஒரு கை அதை இறக்குகிறது, மறு கை பிள்ளைக்குச் சடை பின்னுகிறது. ஒருவரின் நிதானம் இன்னொருவரின் பதற்றத்தின்மீது கட்டப்படுமானால், அது நிதானம் அன்று; சுரண்டல். வீட்டில் அமைதியை விரும்பும் ஆடவர் முதலில் பழக வேண்டிய ஆசனம், கழுவுதொட்டியின் முன்னே நிற்கும் ஆசனம்.

இந்த விரைவு வீட்டு வாசலோடும் நிற்பதில்லை. மறந்துபோன கறிவேப்பிலைக் கொத்துக்காகக் கைப்பேசியைத் தட்டுகிறோம். சில நிமிடங்களில் அது வந்து சேர வேண்டும் என்பதற்காக, மழையில் வழுக்கும் சாலையில் ஓர் ஏழைத்தாயின் மகன் இருசக்கர வண்டியில் பறக்கிறான். நம் சோம்பலும் நம் அவசரமும் கைகோத்துக்கொண்டு, அவன் உயிரைப் பணயம் வைக்கின்றன. குழம்பில் கறிவேப்பிலை இல்லாவிட்டால்தான் என்ன?

உடல் வைத்திருக்கும் கணக்கு

நாம் மறந்தாலும் உடல் மறப்பதில்லை. ஒவ்வொரு கடனையும் அது எழுதி வைத்துக்கொண்டு, ஐம்பதாம் வயதில் வட்டியோடு வாங்குகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. இந்நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாயிலில் நிற்கின்றனர். 31 கோடிக்கு மேற்பட்டோருக்கு மிகை இரத்த அழுத்தம். காரணங்கள் பல, பரம்பரையும் ஒன்று. ஆயினும் நடவாமை, மிகையுணவு, உறக்கக்குறைவு, ஓயாத மன அழுத்தம் ஆகியன இந்நோய்களுக்கு வழிவிடும் வாயில்கள் என்பதில் மருத்துவரிடையே வேறுபாடு இல்லை.

உழைப்பின் நீட்சி உயிரையே கொல்லும் என்பதற்கும் சான்று உண்டு. உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைக் கூறுகிறது: வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் இடர் 35 விழுக்காடு மிகுதி, இதய நோயால் இறக்கும் இடர் 17 விழுக்காடு மிகுதி.

மும்பையின் தண்டவாளங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். புறநகர் ரயில் பாதைகளில் 2023ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் மாண்டனர். நெரிசலில் பிடி நழுவி விழுந்தோர் உண்டு. அது அரசு விடை சொல்ல வேண்டிய குற்றம். ஆனால் மேம்பாலம் இருக்க, அதில் ஏறி இறங்கும் நிமிடங்களை மிச்சப்படுத்தக் கருதித் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து மாண்டோர் எத்தனை பேர்! அடுத்த வண்டி நான்கு நிமிடத்தில் வந்துவிடும். போன உயிர் எந்த வண்டியில் வரும்?

விரைவை விற்போரும் அமைதியை விற்போரும்

இருவகை வணிகர்கள் இன்று நம் வாசலில் நிற்கிறார்கள். இருவரையும் நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

முதலாமவர் விரைவை விற்பவர். 2023ஆம் ஆண்டில் பெருந்தொழிலதிபர் ஒருவர், இந்நாட்டு இளைஞர் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்னொருவர் 90 மணி நேரம் என்று ஏலத்தை உயர்த்தினார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என எல்லை வகுத்தது. அந்த எல்லை எத்தனை பேர் சிறைசென்று, அடிபட்டு, வேலை இழந்து வகுத்த எல்லை! நாட்டுப்பற்றின் பெயரால் அதை அழிக்க வந்தால், "ஐயா, நாடு என்பது எங்கள் வீட்டையும் சேர்த்ததுதான்" என்று விடை கூறத் துணிய வேண்டும். தொண்ணூறு மணி நேரம் உழைப்பவனுக்குச் சமைப்பது யார், துவைப்பது யார், அவன் பிள்ளைக்குத் தந்தையாய் இருப்பது யார் என்பதை இந்த அறிஞர்கள் கணக்கிடுவதில்லை.

இரண்டாமவர் அமைதியை விற்பவர். ஆயிரக்கணக்கில் கட்டணம் பெற்றுக்கொண்டு மலைவாழிடத்தில் மூன்று நாள் மௌனம் கற்பிப்பவர். கைப்பேசியால் வந்த கலக்கத்துக்குக் கைப்பேசியிலேயே மருந்து தருபவர். மௌனத்துக்கா விலை? இந்நகரின் மணிபவனம் 1917ஆம் ஆண்டு முதல் 1934ஆம் ஆண்டு வரை காந்தியடிகள் பம்பாய்க்கு வரும்போதெல்லாம் தங்கிய இல்லம். ஒரு நாட்டின் விடுதலைப் போரையே தோளில் சுமந்த அம்மனிதர், திங்கட்கிழமைதோறும் வாய்பேசா நோன்பு காத்தார். அவருக்கு இல்லாத அலுவலா நமக்கு? அவர் அதற்காக எங்கும் கட்டணம் செலுத்தவில்லை.

புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வணிகம், அரசியல், போர், சூழ்ச்சி அனைத்தும் அவரைச் சுற்றிச் சுழன்றன. ஆயினும் 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டில் தம் இறுதி நெருங்கும் வரை, கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதிவந்தார். அன்றன்று கண்டதையும் கேட்டதையும் அமர்ந்து எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. அதனால் ஒரு நூற்றாண்டின் வரலாறே நமக்குக் கிடைத்தது. நாமோ முந்தாநாள் மாலை என்ன செய்தோம் என்பதையே மறந்து திரிகிறோம்.

மடி வேறு, நிதானம் வேறு

"மெல்லச் செல் என்றால் சோம்பேறி ஆகு என்பதா?" என்று சினப்பாரும் உளர். வள்ளுவப் பெருந்தகை இந்த ஐயத்தை என்றோ தீர்த்துவிட்டார். மடியைக் கடிந்து ஓர் அதிகாரம் வகுத்த அவரே, காலமறிதல் என்று தனியே ஓர் அதிகாரமும் வகுத்தார். அதில் அவர் உவமையாகக் காட்டுவது எதை? நீர்க்கரையில் அசையாது நிற்கும் கொக்கை. அது சோம்பி நிற்கவில்லை. காலம் பார்த்து நிற்கிறது. காலம் வந்ததும் குறி தவறாமல் கொத்துகிறது. மருந்து என்னும் அதிகாரத்திலோ, முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்னும் கருத்தை நிறுவுகிறார். பதறாத காரியம் சிதறாது என்பது பாமரரும் அறிந்த பழமொழி.

தமிழர் பொழுதை அறிந்த இனத்தவர். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும், நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று சிறுபொழுதாகவும் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதை உரிமையாக்கி இலக்கியம் படைத்தவர்கள் நம் முன்னோர். முல்லைக்கு மாலை; மருதத்துக்கு வைகறை; நெய்தலுக்கு எற்பாடு. ஒவ்வொரு பொழுதுக்கும் ஓர் ஒளி, ஓர் ஓசை, ஓர் உணர்வு உண்டு என்று கண்டவர்கள். அவர்தம் வழிவந்த நமக்கு இன்று இருப்பவை இரண்டே பொழுதுகள்: வண்டி பிடிக்கும் பொழுது, வண்டி தவறிய பொழுது.

மூன்று நாழிகை

குறை கூறியதோடு நிறுத்துவது அறமாகாது. எனவே ஒன்றை முன்வைக்கிறேன். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். நாளின் அறுபது நாழிகையில் ஐம்பத்தேழை உலகம் எடுத்துக்கொள்ளட்டும். மூன்றே மூன்றை மீட்டெடுப்போம்.

முதல் நாழிகை உடலுக்கு. நாள்தோறும் 24 நிமிடம் விறுவிறுவென நடந்தால் வாரத்துக்கு 168 நிமிடம் ஆகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறும் அளவை இது நிறைவு செய்துவிடுகிறது. காசு வேண்டா, கருவி வேண்டா. நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பங்கு ஆட்டோவில் நெருங்கி அமர்வதை விடுத்து நடந்தால் போதும். கணவன் மட்டும் நடந்து, மனைவி சமையற்கட்டில் நிற்பது இக்கணக்கில் சேராது.

இரண்டாம் நாழிகை உணவுக்கு. இரவு ஒருவேளையேனும் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, தொலைக்காட்சியை அணைத்து, கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, மென்று உண்ண வேண்டும். அனைவரும் என்றால் பரிமாறுபவளும் அடக்கம். எல்லாரும் எழுந்தபின் ஆறிப்போன சோற்றைத் தனியே உண்ணும் தாய் ஒருத்தி இருக்கும்வரை, அவ்வீட்டில் விருந்தோம்பல் பற்றிப் பேசும் தகுதி எவருக்கும் இல்லை. சமைப்பதிலும் கழுவுவதிலும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தருக. அந்த 201 நிமிடத்தை அரசு ஆணையால் குறைக்க இயலாது. அடுக்களையில்தான் குறைக்க இயலும்.

மூன்றாம் நாழிகை உள்ளத்துக்கும் மொழிக்கும். உறங்குமுன் விளக்கைத் தாழ்த்தி, அன்றைய நாளைப் பற்றித் தமிழில் பேசுக. பேச ஆளில்லாதோர் எழுதுக. இன்று யாரிடம் சினந்தோம், எதைத் தள்ளிப்போட்டோம், எதற்காக மகிழ்ந்தோம் என்று எண்ணிப் பார்க்க அதுவே நேரம். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்று வருந்தாத பெற்றோர் நம்மிடையே இல்லை. மொழி என்பது ஞாயிறு காலை வகுப்பில் மட்டும் ஊட்டும் மருந்து அன்று. அது ஓய்வான பேச்சில் ஊறி வருவது. அவசரத்தில் நாம் பிள்ளைகளிடம் பேசுவது என்ன? "எழுந்திரு", "கிளம்பு", "சாப்பிடு", "படி", "தூங்கு". ஐந்து ஏவல் வினைகளில் ஒரு மொழியைக் கற்பிக்க முடியுமா? கதை சொல்ல நிதானம் வேண்டும். பழமொழி விளக்க நிதானம் வேண்டும். "நம் ஊர் எப்படி இருக்கும்?" என்று குழந்தை கேட்டால், அதற்கு விடை சொல்ல ஒரு நாழிகை வேண்டும். அதைக் கொடுக்காத இல்லத்தில், அடுத்த தலைமுறைக்குத் தமிழ் என்பது ஒரு குடும்பப் பெயரின் ஓசையாக மட்டுமே எஞ்சும்.

இம்மூன்றும் சேர்ந்தால் 72 நிமிடம். எங்கிருந்து எடுப்பது என்று கேட்போர், தம் கைப்பேசியையே கேட்கட்டும். நாள்தோறும் எத்தனை மணி நேரம் அதன்மேல் கண்பதித்திருந்தோம் என்பதை அதுவே கணக்கிட்டுக் காட்டும். அந்தக் கணக்கைப் பார்த்தபின்னும் "நேரமில்லை" என்று கூறும் துணிவு எவருக்கும் இராது.

சங்கங்களுக்கு ஒரு சொல்

இறுதியாக, நம் தமிழ்ச்சங்கங்களின்மீதும் ஒரு வழக்கு உண்டு. ஆண்டுவிழா மேடையில் பதினான்கு பேச்சாளர்களை அமர்த்துகிறோம். பொன்னாடை போர்த்தவே ஒரு மணி நேரம் ஆகிறது. பிறகு எழுந்து பேசும் ஒவ்வொருவரும், "காலத்தின் அருமை கருதி" என்று தொடங்கி, அவ்வருமையை அரைமணி நேரம் விளக்குகின்றனர். மழலையர் மேடையேறும்போது மணி பத்து. பாதிக் குழந்தைகள் தாயின் மடியில் உறங்கிவிட்டன. மறுநாள் வேலை என்று கூட்டமும் கலைகிறது. உள்ளே விருந்து சமைத்த பெண்கள் ஒரு நிகழ்ச்சியையும் பார்த்திலர்.

இதை மாற்றுவது அரிதன்று. பேச்சாளர் மூவர் போதும். பொன்னாடைக்கு மாற்றாக ஒரு நூல் போதும். முதல் நிகழ்ச்சி குழந்தைகளுடையதாகட்டும். விருந்தை ஆடவர் பரிமாறட்டும். திங்களுக்கு ஒரு மாலை, மேடையும் ஒலிபெருக்கியும் இன்றி, முதியோரும் இளையோரும் வட்டமாக அமர்ந்து பேசும் கூட்டம் ஒன்றை ஒவ்வொரு சங்கமும் நடத்தட்டும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இரட்டை வேலையில் வாடும் நம் உடன்பிறப்புகளின் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொல்லித்தர, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முன்வரட்டும். நேரம் மிகுந்தோர் நேரம் குறைந்தோர்க்கு அதைப் பகிர்ந்தளிப்பதும் ஈகையே. பொருள் ஈகையினும் அரிய ஈகை.

லோக்கண்டே ஒரு நாளைப் பெற்றுத் தந்தார். சென்னை ஆலைத் தொழிலாளர்கள் உணவு வேளைக்காகக் குரல் கொடுத்தனர். சிங்காரவேலர் எட்டு மணி நேரத்துக்காகச் செங்கொடி உயர்த்தினார். அவர்கள் மீட்டுத் தந்த பொழுதைக் காப்பது நம் கடன். இனி எவரேனும் "நேரமில்லை" என்றால், அனுதாபம் காட்டாதீர்கள். "யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். அவ்வினாவை முதலில் நம் வீட்டில், இன்று இரவு உணவின்போதே, எழுப்புவோமாக.